ஷோம்பர்க் சேர்த்த சாட்சிகள்

அன்று ஸ்பெயின் ஆண்ட புவேர்ட்டோ ரிக்கோ தீவில் அடிமை முறை சட்டப்படி ஒழிந்த நாள் 1873 மார்ச் 22. கறுப்பின வரலாற்றுக்கான புத்தகங்களையும் ஏடுகளையும் தேடிச் சேர்த்த ஆர்துரோ ஷோம்பர்க் அங்கே பிறந்தது 1874 ஜனவரி 24. இடையில் பத்தே மாதம். அதுவும், சட்டம் வந்த அன்றே எல்லாரும் கையை வீசிக்கொண்டு நடந்துவிடவில்லை. விடுதலையானவர்கள் மேலும் மூன்று வருடம் ஒப்பந்தக் கூலியாக உழைத்துத் தர வேண்டும் என்று ஸ்பெயின் அரசு ஒரு கொக்கியும் போட்டிருந்தது. ஷோம்பர்க் தொட்டிலில் கிடந்தபோது அந்த ஒப்பந்தக் கணக்கு ஓடிக்கொண்டிருந்தது.

அம்மா மேரி ஜோசப், அன்று டென்மார்க்கின் கையில் இருந்த செயின்ட் க்ராய் தீவைச் சேர்ந்த கறுப்பினப் பெண். அப்பா ஜெர்மானிய வம்சாவளி. பையனுக்கு அப்பாவிடமிருந்து வந்தது அந்தப் பெயர். நிறமும் வளர்ப்பும் அம்மா பக்கம்.

இவரைப் பற்றி எழுதும் எல்லாரும் முதலில் சொல்லும் கதை ஒன்று உண்டு. ஐந்தாம் வகுப்பு படிக்கும்போது ஆசிரியர் ஒருவர், கறுப்பர்களுக்கு வரலாறு கிடையாது, வீரர்கள் கிடையாது, சொல்லிக்கொள்ளும்படியான எதுவும் கிடையாது என்றாராம். அதை மறுக்கவே பையன் புத்தகம் தேடக் கிளம்பினான் என்பார்கள். இதற்கு இன்னொரு வடிவமும் இருக்கிறது. இளைஞர்கள் கூடி வரலாறு படிக்கும் ஒரு சங்கத்தில், வெள்ளைக்காரப் பையன்கள் எங்கள் முன்னோர் இன்னின்னது செய்தார்கள் என்று பெருமை பேசுவார்கள். தன் பங்குக்குச் சொல்ல இவர் கையில் எதுவும் இல்லை. எனக்கு இந்த இரண்டாவது வடிவம்தான் நம்பும்படி இருக்கிறது. முகத்துக்கு நேரே "உனக்கு ஒன்றும் கிடையாது" என்று சொல்லும் ஆசிரியர்கள் குறைவு. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவன் தன் தாத்தா கதையைச் சொல்லச் சொல்ல, நம்மிடம் சொல்வதற்கு இல்லையே என்று வாயை மூடிக்கொள்ளும் பிள்ளைகள்தான் அதிகம். யாரும் திட்டியிருக்க மாட்டார்கள். புகார் சொல்லவும் வழியிருக்காது.

முதல் வடிவமே உண்மை என்று வைத்துக்கொண்டால், அந்த ஆசிரியருக்குத் தன் ஊர் சங்கதியே தெரியவில்லை என்றாகிறது. அதே தீவில் ரஃபேல் கோர்தேரோ என்று ஒருவர் இருந்தார். கறுப்பர். பிழைப்புக்குச் சுருட்டு சுற்றினார். நிறத்தின் காரணமாகப் பள்ளிக்கூடம் இவரைச் சேர்த்துக்கொள்ளவில்லை. வீட்டிலேயே எழுத்துக் கற்றவர், சான் ஹுவான் நகரில் காசு வாங்காமல் பள்ளி நடத்தினார். கறுப்புப் பிள்ளைகளும் வெள்ளைப் பிள்ளைகளும் ஒரே அறையில் உட்கார்ந்து படித்தார்கள். அவரிடம் படித்தவர்களில் சிலர் பின்னாளில் தீவின் பெரிய எழுத்தாளர்களும் அரசியல் தலைவர்களும் ஆனார்கள். அடிமை ஒழிப்புக்காகப் பேசியவர்களும் அவர்களில் உண்டு. கோர்தேரோ இறந்தது 1868இல். ஷோம்பர்க் பிறப்பதற்கு ஆறு வருடம் முன்பு. ஊரில் கிழவர்கள் எல்லாருக்கும் அவரைத் தெரிந்திருக்கும். பாடத்தில்தான் இல்லை.

1891இல், 17 வயதில், ஷோம்பர்க் நியூயார்க் வந்து இறங்கினார். கியூபாவும் புவேர்ட்டோ ரிக்கோவும் ஸ்பெயினிடமிருந்து விடுதலை பெற வேண்டும் என்று வேலை செய்த கூட்டத்தோடு முதலில் சேர்ந்தார். கிடைத்த வேலைகளையெல்லாம் செய்தார். கொஞ்ச காலம் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் எழுத்தர். 1906 முதல் 1929 வரை பேங்கர்ஸ் டிரஸ்ட் வங்கியில் தபால் பிரிவு. லத்தீன் அமெரிக்காவுக்குப் போகிற, வருகிற கடிதங்கள் அவர் பொறுப்பு. கல்லூரிப் பட்டம் ஏதும் கிடையாது. பகலில் தபால், மாலையில் பழைய புத்தகக் கடை. அந்தக் காலத்துப் பழம்புத்தக வியாபாரிகளுக்குக் கறுப்பர்கள் எழுதிய புத்தகத்துக்கு மதிப்பு உண்டு என்பதே தெரியாது. அடியில் கிடக்கும், சல்லிசாகக் கிடைக்கும். இவருக்கு அது வசதியாகப் போயிற்று. புரூக்ளின் வீட்டில் புத்தகம் பெருகியது. (மூன்று முறை திருமணம் செய்தவர். மூன்று மனைவிகளின் பெயரும் எலிசபெத். புத்தகத்தைத் தேடுவதில் காட்டிய பன்முகத்தன்மையை இதில் காட்டவில்லை போலும்.)

அவர் சேர்த்ததில் எனக்கு மனத்தில் நின்றுவிட்டது ஃபிலிஸ் வீட்லியின் கவிதைத் தொகுப்பு.

1761இல் பாஸ்டன் துறைமுகத்தில் ஒரு கப்பல் வந்து நின்றது. கப்பலின் பெயர் ஃபிலிஸ். அதில் வந்த ஒரு சிறுமியை வீட்லி என்ற குடும்பம் விலைக்கு வாங்கியது. முன்பல் விழுந்திருந்ததைப் பார்த்து, ஏழு வயது இருக்கும் என்று கணித்தார்கள். கப்பலின் பெயரையே அவளுக்கு வைத்தார்கள். அந்த வீட்டிலேயே ஆங்கிலம் படித்தாள், லத்தீன் படித்தாள், கவிதை எழுதினாள். புத்தகம் போடலாம் என்றபோதுதான் சிக்கல். ஓர் அடிமைப் பெண் இதை எழுதியிருப்பாள் என்று யார் நம்புவார்கள்? 1773இல் புத்தகம் லண்டனில் அச்சானது. அதன் தொடக்கத்தில் ஒரு சான்றிதழ் அச்சிடப்பட்டிருக்கிறது. இந்தக் கவிதைகளை எழுதியது ஃபிலிஸ்தான் என்று நாங்கள் உறுதியாக நம்புகிறோம் என்று பாஸ்டனின் 18 பெரிய மனிதர்கள் கையெழுத்திட்டிருக்கிறார்கள். மாகாண ஆளுநர் அதில் ஒருவர். பின்னால் அமெரிக்க விடுதலைப் பிரகடனத்தில் முதல் ஆளாகக் கையெழுத்துப் போட்ட ஜான் ஹான்காக் இன்னொருவர்.

இருபது வயதுகூட நிரம்பியிராத ஒரு பெண் எழுதிய கவிதைக்கு 18 ஆண்கள் ஜாமீன். புத்தகத்தைத் திறக்கும் எவரும் அந்த ஜாமீனைத் தாண்டித்தான் கவிதைக்குள் போக வேண்டும். இவ்வளவுக்குப் பிறகும், அந்த விடுதலைப் பிரகடனத்தை எழுதிய தாமஸ் ஜெஃபர்சன் அவளைக் கவிஞர் என்று ஒப்புக்கொள்ளவில்லை. தன் புத்தகத்தில் அப்படியே எழுதியும் வைத்தார். அதே ஜெஃபர்சனுக்குத்தான் 1791இல் மேரிலாந்தைச் சேர்ந்த பெஞ்சமின் பேனக்கர் என்ற கறுப்பின வானியலாளர், தானே கணித்த பஞ்சாங்கத்தின் கையெழுத்துப் பிரதியை அனுப்பி, கூடவே ஒரு காட்டமான கடிதமும் எழுதினார். எல்லாரும் சமமாகப் படைக்கப்பட்டவர்கள் என்று எழுதிய கையே எப்படி அடிமைகளை வைத்திருக்கிறது என்பது அதன் சாரம். பேனக்கரின் பஞ்சாங்கங்களையும் ஷோம்பர்க் தேடிப் பிடித்தார்.

வெறும் ஆசையில் பழைய பொருள் சேர்ப்பவர் என்று இவரை நினைக்க எனக்கு மனமில்லை. வழக்கு நடக்கும் வீட்டில் பத்திரங்களைத் தேடி எடுப்பது போலத்தான் இவர் தேடினார். கேட்பவன் சாட்சி கேட்பான். இந்தா, பதிப்பித்த ஆண்டு, அச்சிட்ட ஊர், கையெழுத்து. 1911இல் ஜான் எட்வர்ட் புரூஸ் என்ற மூத்த பத்திரிகையாளரோடு சேர்ந்து நீக்ரோ வரலாற்று ஆய்வுச் சங்கத்தைத் தொடங்கினார். 1913 கோடையில் பென்சில்வேனியாவில் கறுப்பின ஆசிரியர்கள் கூடியிருந்த ஒரு வகுப்பில் பேசினார். பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் கறுப்பின வரலாற்றுக்கென்று தனி இருக்கை வேண்டும் என்று கேட்டார். ஆசிரியர் சொல்லிப் புண்பட்ட பிள்ளை, நாற்பதை நெருங்கும் வயதில், ஆசிரியர்களிடமே போய் நின்றது.

இவரை நான் மதிப்பதற்குப் பெரிய காரணம் வேறொன்று. 1925இல் ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். அமெரிக்கக் கறுப்பர் தன் எதிர்காலத்தை உருவாக்க வேண்டுமானால் முதலில் தன் கடந்த காலத்தைத் திரும்பக் கட்ட வேண்டும் என்று தொடங்கும் கட்டுரை. இந்த வரியை மட்டும் எடுத்துச் சுவரொட்டி போடுகிறார்கள். கொஞ்சம் தள்ளி அவர் தன் ஆட்களையே பிடித்து உலுக்குகிறார். வெள்ளை இனவெறி தனக்கு நேர் எதிரான ஒரு கறுப்பு மறுபதிப்பையும் பெற்றெடுத்திருக்கிறது என்கிறார். உலக மேதைகளில் பாதிப் பேர் கறுப்பர்கள்தான் என்று நிரூபிக்கக் கிளம்பியவர்கள், நேற்றைய அமெரிக்கர்களின் பூர்வீகத்தை ஷேபா நாட்டு ராணி வரை இழுத்துக்கொண்டு போகிறவர்கள் எல்லாரும் அவரிடம் வாங்கிக் கட்டிக்கொள்கிறார்கள். முன்னோரைப் பற்றி வந்த பழைய தொகுப்புகள் வெறும் புகழ்மாலை என்றும் சொல்கிறார்.

பெருமை பேசுவதற்காகவே வாழ்ந்தவர் என்று நாம் நினைக்கும் ஓர் ஆள், பொய்ப் பெருமையை இவ்வளவு வெறுத்திருக்கிறார். வாட்ஸாப்பில் தினமும் நமக்கு வந்து விழும் "உலகிலேயே முதன்முதலில்" ரகச் செய்திகளைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கட்டுரைதான் நினைவுக்கு வரும். ஆதாரமில்லாத பெருமையைத் தலையில் ஏற்றிக்கொண்ட பிள்ளை, விவரம் தெரிந்த ஒருவரிடம் ஒரு முறை மாட்டினால் போதும். பிறகு உண்மையான பெருமையையும் சேர்த்துத் தூக்கிப் போட்டுவிடும்.

1926இல் நியூயார்க் பொது நூலகத்துக்காக கார்னகி நிறுவனம் இவருடைய சேகரிப்பை 10,000 டாலருக்கு வாங்கியது. 5,000க்கும் மேற்பட்ட புத்தகங்கள், 3,000 கையெழுத்துப் பிரதிகள், 2,000 ஓவிய அச்சுகளும் படங்களும், சில ஆயிரம் சிறு வெளியீடுகள். எல்லாம் நியூயார்க்கில் கறுப்பர்கள் பெருகிவந்த ஹார்லெம் பகுதியின் 135ஆவது தெருக் கிளைக்குப் போயின. அங்கே எர்னஸ்டின் ரோஸ் என்ற நூலகர், ஹார்லெம் மாறுவதைப் புரிந்துகொண்டு, கறுப்பினப் பணியாளர்களைச் சேர்த்துக்கொண்டிருந்தார். நியூயார்க் பொது நூலகத்தின் முதல் கறுப்பின நூலகரான கேதரின் லாட்டிமரும் அங்கேதான் இருந்தார். கறுப்பின இலக்கியத்துக்கும் வரலாற்றுக்கும் என்று ஒரு தனிப் பிரிவு 1925இலேயே அங்கு தொடங்கியிருந்தது. சேகரிப்பு சரியான வாசலில் போய் இறங்கியது.

கையில் காசு வந்ததும் ஷோம்பர்க் ஐரோப்பாவுக்குக் கப்பல் ஏறினார். வேறெதற்கு, இன்னும் தேடத்தான். செவில் நகரில் பழைய ஆவணங்களைப் புரட்டினார். மாட்ரிட்டின் பிராதோ அருங்காட்சியகத்தில் ஹுவான் தெ பரேஹாவின் ஓவியத்தின் முன் போய் நின்றார். பரேஹா, வெலாஸ்கெஸ் என்ற மாபெரும் ஓவியரிடம் அடிமையாக இருந்தவர். 1650இல் ரோம் நகரில் வெலாஸ்கெஸ் இவரை ஓர் உருவப்படமாக வரைந்தார்; அதே ஆண்டு விடுதலைப் பத்திரமும் எழுதிக் கொடுத்தார். பரேஹா தானும் ஓவியர். 1661இல் அவர் வரைந்த பெரிய படத்தில், புனித மத்தேயுவை இயேசு அழைக்கும் காட்சியின் ஓரத்தில், கையில் ஒரு தாளோடு தன்னையே வரைந்து வைத்திருக்கிறார். தாளில் அவர் பெயர். இந்த அடிமையின் கைவேலையைப் பார்ப்பதற்காக ஆயிரக்கணக்கான மைல் கடந்து வந்தேன் என்று ஷோம்பர்க் எழுதினார். நியூயார்க்கின் மெட் அருங்காட்சியகம் 2023இல்தான் பரேஹாவுக்கென்று தனிக் கண்காட்சி வைத்தது. அதில் ஷோம்பர்க்கின் தேடலுக்கும் இடம் கொடுத்திருந்தார்கள்.

1932 முதல் 1938இல் இறக்கும் வரை, தான் சேர்த்த புத்தகங்களுக்குத் தானே காப்பாளராக 135ஆவது தெருவில் உட்கார்ந்திருந்தார். அதற்கு முன்பும் சேகரிப்பு இருந்த மூன்றாம் மாடிக்கு அடிக்கடி வந்துபோகிறவர்தான். அப்படி வந்துபோன நாட்களில் ஒரு பையன் அவரைப் பார்க்கிறான். 12 வயது இருக்கும். பனாமாவில் பிறந்து, அம்மாவோடு ஹார்லெமுக்கு வந்தவன். சிறுவர் பிரிவை விட்டு மாடியேறி வந்திருக்கிறான். ஷோம்பர்க் அவனை விரட்டவில்லை. பெரிய மனிதனிடம் பேசுவது போல உட்காரவைத்துப் பேசினார். அந்தப் பையன் கென்னத் கிளார்க். பிற்காலத்தில் உளவியல் பேராசிரியர். அன்று தன்னை ஒரு மனிதனாக நடத்தியதை வயதான பிறகும் அவர் மறக்கவில்லை.

கிளார்க் பெயரைச் சொன்னால் பலருக்கு பொம்மைச் சோதனை நினைவுக்கு வரும். அதன் வேர் அவர் மனைவி மேமி கிளார்க்கின் முதுகலை ஆய்வு. ஆர்கன்சாவில் வளர்ந்த மேமிதான், கறுப்பினக் குழந்தைகள் எந்த வயதில் தங்களைக் கறுப்பர் என்று உணர்கிறார்கள் என்று முதலில் கேட்கத் தொடங்கியவர். வழக்கம்போலக் கணவர் பெயர் முன்னால் வந்துவிட்டது. சோதனை எளிது. ஒரே அச்சில் வார்த்த பொம்மைகள், நிறம் மட்டும் வேறு. மூன்று முதல் ஏழு வயதுக் குழந்தைகளிடம் கேட்பார்கள்: விளையாட எது வேண்டும்? எது நல்ல பொம்மை? எது கெட்டதாகத் தெரிகிறது? கடைசியாக: உன்னைப் போல் இருப்பது எது? பெரும்பாலான குழந்தைகள் வெள்ளைப் பொம்மையை நல்லது என்றார்கள். 1951இல் தென் கரோலினாவின் ஒரு மாவட்டத்தில் சோதித்த 16 குழந்தைகளில் 11 பேர் பழுப்புப் பொம்மையைக் கெட்டது என்றார்கள். அதற்குப் பிறகு கடைசிக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். சில குழந்தைகள் அழுதுகொண்டு அறையை விட்டு ஓடியிருக்கிறார்கள். பள்ளிகளில் நிறப் பிரிவினை செல்லாது என்று 1954இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, அடிக்குறிப்பில் கிளார்க்கின் ஆய்வும் இடம்பெற்றது.

அந்த ஆய்வில் அதிகம் பேசப்படாத ஒரு விஷயம் இருக்கிறது. மொத்தம் 253 குழந்தைகளில் 134 பேர் தெற்கில், கறுப்பர்கள் மட்டுமே படிக்கும் பள்ளிகளில் இருந்தார்கள். 119 பேர் வடக்கில், எல்லாரும் சேர்ந்து படிக்கும் பள்ளிகளில். வெள்ளைப் பொம்மைதான் வேண்டும் என்றவர்கள் வடக்கில்தான் சற்று அதிகம். தீர்ப்பை எதிர்த்தவர்கள் இதைப் பிடித்துக்கொண்டார்கள். அவர்கள் நோக்கம் கெட்டது, ஆனால் எண் பொய்யில்லை. சேர்ந்து உட்காரும் உரிமை இல்லாமல் எதுவும் நகராது. அது கிடைத்த பிறகும் வகுப்பில் பக்கத்து இருக்கைக்காரன் தாத்தா கதை சொல்லிக்கொண்டுதான் இருப்பான். தன் கதையை எங்கே போய்ப் பார்ப்பது என்று தெரியாத பிள்ளைக்குச் சமமான இருக்கை மட்டும் போதாது. கென்னத் கிளார்க்குக்கு அந்த மூன்றாம் மாடி இருந்தது. அவர் சோதித்த குழந்தைகளுக்கு அப்படி ஓர் இடம் பக்கத்தில் இருந்ததா என்பதுதான் என் கேள்வி. ஹார்லெமிலேயே சில வருடம் கழித்து வளர்ந்த எழுத்தாளர் ஜேம்ஸ் பால்ட்வின், வாரத்தில் மூன்று நான்கு முறை அந்த நூலகத்துக்குப் போய் அங்கிருந்த எல்லாவற்றையும் படித்ததாகச் சொல்லியிருக்கிறார். பால்ட்வின் சொன்னால் நம்பலாம்.

ஷோம்பர்க்கின் வழியில் ஒரு குறையும் எனக்குத் தெரிகிறது. லத்தீன் படித்துக் கவிதை எழுதியவர், ஸ்பெயினில் ஓவியம் வரைந்தவர், பஞ்சாங்கம் கணித்தவர் என்று அவர் காட்டிய பலரும் வெள்ளையர் மெச்சும் துறைகளில் ஜெயித்தவர்கள். அந்த 18 கையெழுத்தை எதிர்த்து நின்றவரும் ஒரு வகையில் அதே நீதிபதிகளை நோக்கித்தான் வாதாடினார். எதையும் நிரூபிக்காமல், வயலில் பருத்தி பறித்தே செத்துப்போன பாட்டியைப் பற்றி ஒரு பிள்ளை பெருமைப்படக் கூடாதா? அடுத்த தலைமுறை இதைப் பிடித்துக்கொண்டது. 1962 ஜனவரியில் ஹார்லெமில் புகைப்படக் கலைஞர் குவாமே பிராத்வைட்டும் அவர் அண்ணனும் நண்பர்களும் ஓர் அழகு நிகழ்ச்சி நடத்தினார்கள். மேடையேறிய பெண்கள் எல்லாரும் சுருட்டை முடியை நேராக்காமல் அப்படியே விட்டிருந்தார்கள். கறுப்பு அழகு என்ற முழக்கம் பரவியதில் அந்த மேடைக்கும் பிராத்வைட் எடுத்த புகைப்படங்களுக்கும் பெரிய பங்கு உண்டு. அங்கே யாரும் யாரிடமும் சான்றிதழ் கேட்கவில்லை. இரண்டும் வேண்டும் என்றுதான் நினைக்கிறேன். கண்ணாடியில் பார்க்கும் முகம் பிடிக்க வேண்டும். எதிரே நிற்பவன் கேட்டால் எடுத்துக் காட்ட ஏடும் வேண்டும்.

இன்று அந்த இடத்தின் பெயர் ஷோம்பர்க் கறுப்பினப் பண்பாட்டு ஆய்வு மையம். ஒரு கோடிக்கும் மேற்பட்ட பொருட்கள் இருக்கின்றன. உள்ளே ஒரு கூடத்தின் தரையில் நதிகள் ஓடுவது போன்ற வட்டக் கோலம் பதித்திருக்கிறார்கள். அதன் அடியில் கவிஞர் லாங்ஸ்டன் ஹியூஸின் அஸ்தி. மிதிக்கலாமா கூடாதா என்று தயங்கி நானும் என் மகளும் ஓரமாகச் சுற்றிப் போனோம். நியூஜெர்சியில் அவள் படிக்கும் பள்ளியில், கறுப்பின வரலாற்று மாதமான பிப்ரவரி வந்தால் சுவர் முழுக்கக் கறுப்பினத் தலைவர்களின் படங்கள் ஒட்டுவார்கள்.

"ஏம்ப்பா, இவரு எங்க ஸ்கூல் போஸ்டர்ல இல்லையே?"

"அந்த போஸ்டர்ல இருக்கறவங்க பாதிப் பேரோட பேப்பரைத் தேடி வெச்சவரே இவர்தான்டா."

"அப்ப முதல்ல இவரைத்தானே ஒட்டணும்?"

நான் அங்கே முதன்முதலில் போனது 2013இல். இந்தியாவில் ஆப்பிரிக்கர்கள் என்ற தலைப்பில் கண்காட்சி வைத்திருந்தார்கள். இந்தியா என்றதும் உள்ளே போனேன். எத்தியோப்பியாவில் பிறந்து, அடிமையாக விற்கப்பட்டு, தக்காணம் வந்து சேர்ந்து, அகமத்நகர் அரசையே நடத்தியவர் மாலிக் ஆம்பர். முகலாயப் படையை வருடக்கணக்கில் திணறடித்தவர். பின்னால் ஔரங்காபாத் என்று பெயர் பெற்று, 2023இல் சத்ரபதி சம்பாஜிநகர் ஆன நகருக்கு, கட்கி என்ற பெயரில், 1610இல் அடித்தளம் போட்டவரும் அவரே. 1626இல் இறந்தார். மும்பைக்குத் தெற்கே கடலுக்குள் நிற்கும் ஜஞ்சிரா கோட்டையை ஆண்டதும் ஆப்பிரிக்க வம்சாவளிச் சித்திகள். இதையெல்லாம் நான் படிக்க நேர்ந்தது ஹார்லெமில், ஒரு புவேர்ட்டோ ரிக்கோக்காரர் பெயரில் நடக்கும் கூடத்தில். ஐந்தாம் வகுப்பில் எனக்கு வரலாறு எடுத்த சாரை நினைத்துக்கொண்டேன். நல்ல மனிதர். அவருக்கும் யாரும் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள்.

கர்நாடகத்தின் வட கன்னட மாவட்டக் காடுகளிலும் குஜராத்திலும் சித்தி மக்கள் இன்றும் வாழ்கிறார்கள். தலைமுறை தலைமுறையாகக் கன்னடமும் கொங்கணியும் குஜராத்தியும் பேசுகிறவர்கள். ஊர் தாண்டினால் "எந்த நாடு?" என்ற கேள்விதான் அவர்கள் பிள்ளைகளுக்குக் கிடைக்கிறது. 2020இல் சாந்தாராம் சித்தி கர்நாடகச் சட்ட மேலவைக்கு நியமிக்கப்பட்டார். அந்தச் சமூகத்திலிருந்து சட்டமன்றத்துக்குள் போன முதல் ஆள். 2023இல் குஜராத்தின் ஹீராபாய் லோபி, சித்திப் பெண்களையும் பிள்ளைகளையும் முன்னேற்றியதற்காக பத்மஸ்ரீ வாங்கினார். செய்தித்தாளில் ஒரு நாள் வந்தது, போயிற்று.

மாலிக் ஆம்பரில் தொடங்கி ஹீராபாய் வரை, பத்து வயதுப் பிள்ளை படிக்கும்படி தமிழில் ஒரு சின்னப் புத்தகம் எழுத இப்போது குறிப்பு எடுத்துக்கொண்டிருக்கிறேன். ஆண்டு, ஊர், ஆதாரம் எல்லாம் ஷோம்பர்க் திட்டாத அளவுக்குச் சரியாக இருக்க வேண்டும் என்பதால் மெதுவாகத்தான் நகர்கிறது. ஏற்கெனவே யாராவது எழுதியிருந்தால் சொல்லுங்கள். முதல் பிரதியை நான் வாங்கிக்கொள்கிறேன்.